ஏ-ஸெட் (பெரிய ட்ரெயிலர் ட்ரக்) லைசென்ஸ் கையில, அடுத்த கிழமை ஓரியன்டேஷன்: என்ன ஆயத்தத்தோட போகவேணும்?

புதுச்சாரதி_மார்க்கம்

வணக்கம். ஒன்ராறியோவில புதுச் சாரதிக்குக் கட்டாயமான மெல்ட் பயிற்சி 103.5 மணித்தியாலமும் முடிச்சு, ஒட்டோமற்றிக் ட்ரக்கில றோட் ரெஸ்ற் பாஸ் பண்ணியாச்சு. மிசிசாகாவில ஒரு கொம்பனி எடுத்திருக்கு. திங்கள் தொடக்கம் நாலு நாள் ஓரியன்டேஷன், பிறகு ஆறு கிழமை ட்ரெயினரோட மிச்சிகன், ஒஹாயோ பக்கம் ஓட்டம்.

ஓரியன்டேஷனில என்ன செய்விப்பினம்? ஆக்களைத் திருப்பி அனுப்புறது எந்த இடத்தில? பிறி-ட்ரிப்பில (ஓட்டத்துக்கு முதல் வண்டியைச் சோதிக்கிறது) நான் இன்னும் தடுமாறுறன், சாமான் ஏத்தி இறக்கிற டொக்குக்கு ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கிறதும் அப்பிடித்தான். இன்னொண்டு: ஓரியன்டேஷன் நாலு நாளுக்கும் சம்பளம் இல்லையாம், வேலைக்குச் சேரமுதல் என்ர பேரில ஒரு இன்கோப்பரேஷன் திறக்கச் சொல்லுகினம். இது வழமையோ? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

பதினெட்டுச்சில்லு

வாழ்த்துகள் தம்பி. முதல் நாள் முழுக்கப் பேப்பர். கடைசி மூண்டு வருசத்து டிரைவர் அப்ஸ்ட்ராக்ட் (லைசென்ஸ் பதிவுப் பிரதி), சீ.வி.ஓ.ஆர். (வணிக வண்டி ஓட்டப் பதிவு) அப்ஸ்ட்ராக்ட், பொலிஸ் கிளியரன்ஸ், மெல்ட் சான்றிதழ், பாஸ்போட், பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்ட் எல்லாம் ஒரு கோவையில போட்டுக் கொண்டுபோங்கோ. அமெரிக்க ஓட்டம் எண்டபடியா ஒண்டு கவனம்: இலங்கைப் பாஸ்போட்டும் பி.ஆரும் மட்டும் இருந்தா, விசா இல்லாம எல்லை தாண்டேலாது. விசா இல்லாட்டி அதை இப்பவே சொல்லிக் கனடாவுக்குள்ள ஓட்டம் கேளுங்கோ. ட்ரெயினரோட எல்லைப் பாலத்தடிக்குப் போய்த் திரும்பிவாறதில ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை.

ஆக்கள் கூடுதலாகத் திரும்புற முதல் இடம் மருந்துப் பரிசோதனை. கனடாவில 2018 ஒக்டோபர் தொடக்கம் கஞ்சா சட்டப்படி சரி. ஆனா அமெரிக்கப் பக்கம் ஓடுற சாரதிக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர விதிதான். அதில கஞ்சாவுக்கு மன்னிப்பில்லை. "சி.பி.டி. எண்ணெய்தான் பாவிச்சனான்" எண்ட கதையும் எடுபடாது. சிறுநீர் 45 மில்லிலீற்றர் குடுக்கவேணும். உடன வராட்டி மூண்டு மணித்தியாலம் வரைக்கும் இருத்தி, 40 அவுன்ஸ் வரை தண்ணி குடிக்க விடுவினம். பொறுமை இல்லாம எழும்பி வெளியில போனா அது "மறுத்தது" எண்டு பதிவாகும். மறுத்ததும் பொசிற்றிவ்வும் ஒரே கணக்கு. ரெண்டும் கிளியரிங்ஹவுஸ் எண்ட அமெரிக்க மருந்துப் பரிசோதனைப் பதிவில ஏறி அடுத்த கொம்பனிக்கும் தெரியவரும். டொக்டர் எழுதித் தந்த குளிசை ஏதும் எடுக்கிறதெண்டா சீட்டைக் கையில வைச்சிருங்கோ.

பச்சை முக்கோண முத்திரை உள்ள சேஃப்டி சப்பாத்து, மினுங்கிற வெஸ்ற், கையுறை, நல்ல ரோச் லைற். கன யாட்டுகளில சப்பாத்தும் வெஸ்ற்றும் இல்லாம வாசல் தாண்ட விடாயினம்.

ரெண்டாம், மூண்டாம் நாளில ஒரு ஆள் பக்கத்தில இருந்து ஓட்டம் பாப்பார். புது ஆள் எண்டு அவருக்குத் தெரியும், கியர் விழுத்திற அழகைப் பாக்கமாட்டார். கண்ணாடி எத்தினை தரம் பாக்கிறீங்கள், வலப்பக்கம் திரும்பேக்க ட்ரெயிலர்ச் சில்லு எங்க போகுது எண்டு பாக்கிறீங்களோ, பின்னுக்கு எடுக்கமுதல் இறங்குறீங்களோ, இதுகளைத்தான் எழுதுவார். இறங்கிப் பாக்காம பின்னுக்கு எடுத்து ஒரு கூம்பில முட்டினா அதோட கதை முடியலாம். ஆறு தரம் இறங்கிப் பாத்த ஆளை ஒருத்தரும் அனுப்பினதில்லை.

இனி ட்ரெயிலர் கொழுவுறது. இதை நான் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா பள்ளிக்கூடத்தில ஒரே ட்ரெயிலரைத்தான் திருப்பித் திருப்பிக் கொழுவியிருப்பீங்கள். கொம்பனி யாட்டில ஒவ்வொண்டும் ஒவ்வொரு உயரத்தில நிக்கும். ட்ரெயிலருக்குக் கிட்டக் கொண்டுபோய் நிப்பாட்டி இறங்குங்கோ. ட்ரெயிலரின்ர முன் அடித்தட்டு ஃபிப்த் வீலை (ட்ரெயிலரைத் தாங்கிப் பூட்டுற ட்ரக்கின்ர தட்டு) விடக் கொஞ்சம் பதிவா இருக்கவேணும், ட்ரக் அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போற அளவுக்கு. உயரமா நிண்டா கிங்பின் (ட்ரெயிலருக்கு அடியில உள்ள முளை) ஃபிப்த் வீலின்ர தாடைக்குள்ள இறங்காது. ஒண்டில் மேலால வழுக்கிக் கபின்ர முதுகில இடிக்கும், இல்லாட்டித் தாடையின்ர மேல் விளிம்பில தொத்திக்கொண்டு நிக்கும். இந்த ரெண்டாவதுதான் பொல்லாதது. முன்னுக்கு இழுத்துப் பாத்தா இழுவை பிடிக்கும், சரி எண்டு நினைச்சு வெளிக்கிட்டா முதல் திருப்பத்திலயோ முதல் பள்ளத்திலயோ ட்ரெயிலர் கழண்டு விழும். அதாலதான் இழுத்துப் பாக்கிறது மட்டும் காணாது எண்டிறம்.

இழுத்துப் பாத்த பிறகு பிறேக்கைப் போட்டுட்டு, ரோச் லைற்றோட கீழ குனிஞ்சு மூண்டு விசயம் பாருங்கோ. ட்ரெயிலர் அடித்தட்டுக்கும் ஃபிப்த் வீலுக்கும் இடையில வெளிச்சம் தெரியக்கூடாது. தாடை கிங்பின்ர கழுத்தைச் சுத்தி மூடியிருக்கவேணும், தலையை இல்லை. பக்கத்தில இருக்கிற கைபிடி முழுக்க உள்ளுக்குப் போயிருக்கவேணும். கிறீஸ் அப்பியிருந்தாத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ. மழையோ, பனியோ, பின்னால ஆள் நிண்டு அவசரப்படுத்துதோ, இந்தக் குனிவை விடாதேங்கோ.

அதுக்குப் பிறகுதான் காற்றுக் குழாய். சிவப்பு சப்ளை, நீலம் சேர்விஸ். கிளாட்ஹாண்டின்ர (குழாய் கொழுவுற முனை) றப்பர் வளையம் வெடிச்சிருந்தாக் காற்று சீறும், மாத்துறதுக்கு ரெண்டு பையில கிடக்கட்டும். மின்கம்பி கொழுவி, லாண்டிங் கியரை (ட்ரெயிலரைத் தாங்கிற கால்) முழுக்க ஏத்தி, கைபிடியை அதின்ர கொக்கியில மாட்டவேணும். அரைவாசி ஏத்தின கால் ரயில்வே கடவையில இடிபடும்.

பிறி-ட்ரிப்புக்கு ஒன்ராறியோவில ஷெடியூல் 1 எண்ட பட்டியல் இருக்கு, 23 பகுதி. அதின்ர பிரதி ட்ரக்கில இருக்கவேணும். அறிக்கை 24 மணித்தியாலத்துக்குச் செல்லும். அதில சின்னப் பழுது, பெரிய பழுது எண்டு பிரிச்சிருக்கு. சின்னதை எழுதி அறிவிச்சிட்டு ஓடலாம், பெரியதெண்டா வண்டி அசையக்கூடாது. பாடமாக்கத் தேவையில்லை. டிரைவர் கதவில தொடங்கி எப்பவும் ஒரே திசையில சுத்துங்கோ. தடுமாறுறதுக்குக் காரணம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில தொடங்கிறதுதான்.

காற்று பிறேக் சோதனை இந்த ஒழுங்கில: சில்லுக்குக் கட்டை வைச்சு, காற்றை நிரப்புங்கோ. கவர்னர் (காற்று நிரப்புறதைக் கட்டுப்படுத்திற கருவி) 135 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு)க்கு மேல போகமுதல் வெட்டவேணும். பிறேக்கை மிதிச்சு மிதிச்சு இறக்கேக்க 80க்குக் கீழ போகமுதல் திரும்ப நிரப்பத் தொடங்கவேணும். ஏலுமான காற்று நிரம்பின பிறகு எஞ்சினை நிப்பாட்டி, பிறேக்கை ஒரு நிமிசம் அமத்திப் பிடியுங்கோ. ட்ரக்கும் ட்ரெயிலரும் சேந்து 4 பி.எஸ்.ஐ.க்கு மேல இறங்கக்கூடாது. பிறகு சாவியைத் திருப்பி, இன்னும் மிதிச்சு இறக்குங்கோ. 55க்கு இறங்கமுதலே எச்சரிக்கை வெளிச்சமும் சத்தமும் வரவேணும். இன்னும் இறங்க, 45க்கும் 20க்கும் இடையில டாஷ்போட்டில உள்ள மஞ்சள், சிவப்பு பிறேக் குமிழ் வெளியில பாயவேணும்.

புஷ்ராட் (காற்றுச் சேம்பரில இருந்து பிறேக்கைத் தள்ளுற கம்பி) அளவு கட்டாயம் கேப்பினம். 90 தொடக்கம் 100 பி.எஸ்.ஐ. காற்றில பிறேக்கை முழுக்க அமத்தேக்க, சாதாரண ரைப் 30 சேம்பரில புஷ்ராட் 2 அங்குலத்துக்கு மேல வெளிய வரக்கூடாது. நீளமான ஸ்ட்ரோக் உள்ளதெண்டா இரண்டரை. பிறேக் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யிற ஸ்லாக் அட்ஜஸ்டர் அளவுக்கு வெளிய போனா றெஞ்ச் எடுத்து முறுக்காதேங்கோ. அது தன்ர வேலையைச் செய்யேல்லை எண்டா உள்ளுக்கு வேற ஏதோ பழுது. முறுக்கினா ஒரு நாள் ரெண்டு நாள் சரிபோலத் தெரியும், பழுது மறைஞ்சு போகும். கராஜுக்கு விடுங்கோ.

சில்லு நட்டைச் சுத்தித் துருக்கோடு வடிஞ்சிருந்தா நட் இளகியிருக்கு. ஒன்ராறியோவில ஓடேக்க சில்லு கழண்டா 50,000 டொலர் வரைக்கும் தண்டம், "நான் பாத்தனான்" எண்டு சொல்லித் தப்ப ஏலாத சட்டம் அது. புதுசாச் சில்லு மாத்தின வண்டி தந்தா 80 தொடக்கம் 160 கிலோமீற்றருக்குள்ள திரும்ப முறுக்கிப் பாத்தாச்சோ எண்டு கேட்டு எழுதி வையுங்கோ.

சேலத்துக்காரர்_பிராம்ப்டன்

அண்ணன் கொழுவுறதைப் பத்தி சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. நான் ரிவர்ஸும் லாக் புக்கும் (வேலை நேரப் பதிவு) சொல்றேன்.

53 அடி ட்ரெயிலரை டாக்குல விடும்போது ஸ்டியரிங்கை அடியில பிடிங்க. ட்ரெயிலரோட வால் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையைத் தள்ளுங்க. இது பழகிட்டா இடம் வலம் குழப்பம் போயிடும். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணுதான், ஸ்டியரிங்கை அதிகமா ஒடிக்கிறது, அப்புறம் லேட்டா திருப்புறது. ட்ரெயிலர் திரும்ப ஆரம்பிச்ச உடனேயே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் எடுத்து அதைத் துரத்திப் போகணும். காத்திருந்தா வண்டி மடங்கிடும். மடங்க ஆரம்பிச்சா பின்னாடி வச்சே சரிபண்ணப் பார்க்காதீங்க. முன்னாடி இழுத்து நேராக்கிட்டு மறுபடி வாங்க.

முடிஞ்ச வரைக்கும் டிரைவர் பக்கமாவே உள்ளே போற மாதிரி அமைச்சுக்கங்க. வலப்பக்கக் குருட்டு ரிவர்ஸைத் தவிர்க்க யார்டை ஒரு சுத்து சுத்தி வந்தாலும் பரவாயில்ல. முன்னாடி நிறுத்துற கோணம் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. அது தப்பா இருந்தா எவ்வளவு ஸ்டியரிங் ஒடிச்சாலும் வராது. டாக்கை ஒட்டி நிறுத்தறதுக்கு முன்னாடியே பின் கதவைத் திறந்து பக்கவாட்டுல கொக்கி போட்டுடுங்க. இதை மறந்து திரும்ப வெளியே இழுக்காத புது டிரைவர் கிடையாது.

லோடு ஏத்தி முடிச்சதும் பேப்பர் கைக்கு வந்துடுச்சுன்னு வண்டியை எடுக்கக்கூடாது. டாக் விளக்கு பச்சை ஆகணும், சக்கரக் கட்டையை எடுக்கணும், இறங்கிப் போய் ட்ரெயிலருக்குள்ளே ஃபோர்க்லிஃப்ட் இல்லைன்னு கண்ணால பார்க்கணும். உள்ளே ஆள் இருக்கும்போது வண்டி நகர்ந்தா ஃபோர்க்லிஃப்ட்டோட சேர்ந்து கீழ விழுவான். உயிர் போற விஷயம்.

எடை: அமெரிக்கப் பக்கம் முன் ஆக்ஸில் பொதுவா 12,000 பவுண்டு, டிரைவ் (ட்ரக்கோட பின் ரெட்டை ஆக்ஸில்) 34,000, ட்ரெயிலர் டேண்டம் (ட்ரெயிலரோட ரெட்டை ஆக்ஸில்) 34,000, மொத்தம் 80,000. மொத்தம் சரியா இருந்தும் டிரைவ்ல 35,200 காட்டினா டேண்டத்தை முன்னாடி நகர்த்தணும், அப்போ பாரம் டிரைவ்லேர்ந்து ட்ரெயிலர் சக்கரத்துக்குப் போகும். ஒரு துளைக்கு, துளை இடைவெளியைப் பொறுத்து, சுமார் 250லேர்ந்து 500 பவுண்டு மாறும். ட்ரெயிலர் பிரேக்கைப் போட்டு, டேண்டத்தைப் பூட்டியிருக்கற பின்னை வெளியே இழுத்து, ட்ரக்கை மெதுவா பின்னாடி எடுங்க. சக்கரம் நின்ன இடத்துலயே நிக்கும், பெட்டிதான் அது மேல நகரும். அப்புறம் பின்னை விட்டுட்டு, நாலு பின்னும் துளை வழியா வெளியே வந்திருக்கான்னு பார்க்கணும். மூணு வந்து ஒண்ணு வராம இருக்கறது சகஜம், துரு பிடிச்சிருக்கும். லேசா முன்னும் பின்னும் ஆட்டினா விழும். பார்க்காம ஹைவேல பிரேக் அடிச்சா டேண்டம் பின்னாடி ஓடும்.

மணிக்கணக்கு ரெண்டு நாட்டுக்கும் வேற. கனடாவுல 13 மணி நேரம் ஓட்டலாம், 14 மணி நேரம் வேலை, ஷிஃப்ட் ஆரம்பிச்சு 16 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓய்வு, அதுல 8 தொடர்ச்சியா. அமெரிக்காவுல 11 மணி நேரம் ஓட்டலாம், வேலை ஆரம்பிச்சு 14 மணி நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கணும், 8 மணி நேரம் ஓட்டினதும் 30 நிமிஷ இடைவேளை, 10 மணி நேரம் தொடர்ச்சியா ஓய்வு. அந்த 14 மணி நேரம் மதியச் சாப்பாட்டுக்காகவோ டாக்ல காத்திருக்கறதுக்காகவோ நிக்காது. டாக்ல நாலு மணி நேரம் போச்சுன்னா அந்த நாலும் போச்சு. எல்லை தாண்டும்போது இ.எல்.டி.யில (மின்னணு லாக் கருவி) விதி மாறியிருக்கான்னு பாருங்க.

புதுசா வர்றவங்க லாக்ல மாட்டறது பெரும்பாலும் ரெண்டே இடம். பிரி-ட்ரிப்பை டியூட்டின்னு போடாம நேரா டிரைவிங்ல ஆரம்பிக்கறது. அப்புறம் சொந்த உபயோகம்னு போட்டு ட்ரெயிலரோட ஓட்டறது. கனடா விதியில சொந்த உபயோகம் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர் வரைக்கும்தான், அதுவும் லோடு இல்லாம, ட்ரெயிலரைக் கழட்டி விட்டுட்டு.

புதுச்சாரதி_மார்க்கம்

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணை. ரெண்டு கேள்வி. ட்ரெயினர் பின்னால படுத்துக்கொண்டு என்னைத் தனிய ஓட்டச் சொன்னா? ஒட்டோமற்றிக்கில ரெஸ்ற் குடுத்தது பிரச்சினையோ?

பதினெட்டுச்சில்லு

ஒட்டோமற்றிக்கில குடுத்தா லைசென்ஸில கட்டுப்பாடு விழும், மனுவல் ஏ-கிளாஸ் வண்டி ஓட்டேலாது. கொம்பனி வண்டிகள் எல்லாம் ஒட்டோமற்றிக் எண்டாப் பிரச்சினை இல்லை. பழுதான வண்டிக்குப் பதிலா யாட்டில ஒரு பழைய மனுவலைத் தந்தா "ஏலாது" எண்டு சொல்லவேணும், தாறவருக்கு உங்கட லைசென்ஸில கிடக்கிறது தெரியாமல் இருக்கலாம். கட்டுப்பாட்டை எடுக்க மனுவல் வண்டியில திரும்ப றோட் ரெஸ்ற் குடுக்கவேணும்.

ட்ரெயினர் விசயம். முதல் கிழமைகளில ட்ரெயினர் பக்கத்துச் சீற்றில இருக்கவேணும். நீங்கள் ஓட அவர் நித்திரை, அவர் ஓட நீங்கள் நித்திரை எண்டா அது ரெண்டு பேர் மாறி மாறி ஓடுற ரீம் ஓட்டம், பயிற்சி இல்லை. சில இடங்களில புது ஆளைக் காட்டி ஒரு வண்டியில ரெண்டு வண்டியின்ர மைல் எடுக்கினம். ஓரியன்டேஷன் நேரமே கேளுங்கோ: எத்தினை மணித்தியாலம் ட்ரெயினர் முழிச்சுப் பக்கத்தில இருப்பார், எப்ப தனிய விடுவினம், அதை முடிவெடுக்கிறது ஆர்? எழுத்தில பதில் வந்தா நல்ல இடம்.

நிலா_எழுதுகிறேன்

சம்பளக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இதில் மிகவும் முக்கியமாகப் படுகிறது.

மாகாண எல்லையையோ நாட்டு எல்லையையோ தாண்டி ஓடும் ட்ரக் கொம்பனி கனடா தொழிற் சட்டக் கோவையின் கீழ் வருகிறது, ஒன்ராறியோ சட்டத்தின் கீழ் அல்ல. முதலாளி கட்டாயமாக வரச் சொல்லும் பயிற்சி வேலை நேரம்தான். அதற்குச் சம்பளம் உண்டு. "நாலு நாளும் இலவசம், பிறகு பார்க்கலாம்" என்றால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல இடங்களில் பதில் மாறிவிடும்.

இன்கோப்பரேஷன்: நீங்கள் ட்ரக் வாங்கவில்லை. டீசலும் காப்புறுதியும் அவர்களுடையது. எங்கே, எப்போது போவது என்று தீர்மானிப்பது அவர்களுடைய டிஸ்பாட்ச் (ஓட்டம் ஒதுக்கும் பிரிவு). அப்படியானால் நீங்கள் ஊழியர். உங்கள் பெயரில் ஒரு கொம்பனி திறப்பதால் அது மாறாது. இதற்கு இங்கே "டிரைவர் இன்க்" என்று பெயர். ஊழியரை ஊழியர் அல்ல என்று வகைப்படுத்துவதைக் கனடா தொழிற் சட்டக் கோவை தடை செய்கிறது.

கையில் வரும் காசோலை பெரிதாகத் தெரியும், ஏனென்றால் எதுவும் பிடிக்கப்படவில்லை. பிடிக்கப்படாததோடு சேர்ந்து போவது எவை என்று கணக்குப் போடுங்கள். ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி கட்டவேண்டிய பாதி, வேலையிழந்தால் வரும் காப்புறுதி, காயப்பட்டால் உதவும் டபிள்யூ.எஸ்.ஐ.பி., ஆரம்பத்தில் 4 சதவீத விடுமுறைச் சம்பளம், ஆண்டுக்கு 10 நாள் வரை சேரக்கூடிய சம்பளத்துடனான நோய் விடுப்பு, நெடுஞ்சாலைச் சாரதிக்கு வாரம் 60 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு. வருமான வரித் திணைக்களம் இப்படியான கொம்பனியைத் தனிநபர் சேவை நிறுவனம் என்று கணித்தால் சிறு வணிக வரிச் சலுகையும் கிடைக்காது, பெரும்பாலான செலவுகளையும் கழிக்க முடியாது. வரி பின்னால் வந்து நிற்கும்போது கொம்பனி உங்கள் பெயரில் இருக்கும், அவர்கள் பெயரில் இருக்காது.

முதல் வேலைதானே, ஒரு வருட அனுபவம் எடுக்கும்வரை பொறுத்துக்கொள் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அந்த ஒரு வருடத்தில்தான் புதுச் சாரதி ட்ரெயிலரில் இருந்து வழுக்கி விழுவதும் முதுகு பிடிப்பதும் நடக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எனக்கு டி4 (ஊழியருக்கு முதலாளி தரும் வருடாந்தச் சம்பளச் சீட்டு) தருவீர்களா?" ஆம் என்றால் தொடருங்கள்.

ஒப்பந்தத்தில் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனை மாதத்துக்குள் விலகினால், எவ்வளவு, மாதம் செல்லச் செல்ல அந்தத் தொகை குறைகிறதா, அவர்களே நிறுத்தினாலும் கட்டவேண்டுமா? வாசித்துப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள். அந்த ஒரு நாளைத் தராத இடத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.

புதுச்சாரதி_மார்க்கம்

மிக்க நன்றி. டி4 எண்டு இண்டைக்கே கேக்கிறன். கடைசியா ஒண்டு: ஆறு கிழமை முடிய டிசம்பர் வந்திடும். தனிய விடேக்கப் பனி.

பதினெட்டுச்சில்லு

பனியிலயும் மழையிலயும் குறூஸும் எஞ்சின் பிறேக்கும் போடாதேங்கோ. எஞ்சின் பிறேக் டிரைவ் சில்லை மட்டும்தான் பிடிக்கும். வழுக்கிற றோட்டில அந்தச் சில்லு பிடிப்பை விட்டா ட்ரெயிலர் பின்னால நிண்டு தள்ளும், வண்டி மடங்கும். மழைத்தூறல் விழேக்க முன்னால போற வண்டியின்ர சில்லைப் பாருங்கோ. தண்ணி தெறிச்சுக்கொண்டிருந்து திடீரெண்டு தெறிக்கிறது நிண்டா, றோட் உறையத் தொடங்கிட்டுது. வெளிக் கண்ணாடியின்ர தண்டில ஐஸ் பிடிக்குதோ எண்டும் பாருங்கோ, அது றோட்டுக்கு முதலே காட்டும்.

இரவு நிப்பாட்டமுதல் கடைசி ஒண்டு ரெண்டு கிலோமீற்றர் பிறேக்கை லேசா அமத்தி அமத்தி வாங்கோ. பிறேக் சூடாகி ஈரம் காயும். ஈரத்தோட நிப்பாட்டினா விடிய ட்ரெயிலர்ச் சில்லு உறைஞ்சு, உருளாம இழுபடும். வெளிக்கிடேக்க முதல் இருபது அடியைக் கண்ணாடியில பாருங்கோ. சில்லு சுத்துதோ, இழுபடுதோ? இழுபட்டா இறங்கி, பிறேக் ட்ரம்மில சுத்தியலால தட்டுங்கோ. இழுத்துக்கொண்டு போனா ரயரில தட்டைப் பொட்டு விழும். பையில ஒரு சுத்தியல், காற்றுக் குழாய்க்குப் போடுற அன்ரிஃபிறீஸ் ஒரு போத்தல், டீசல் கட்டிபடாமல் விடுற மருந்து, ஒரு கம்பளி, ரெண்டு நாள் சாப்பாடு. ஒன்ராறியோவில சட்பரிக்கு வடக்கால றோட்டைப் பூட்டினா எப்ப திறப்பினம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

பாக்கிறதுக்குப் பயமா இருந்தா நிப்பாட்டலாம். டிஸ்பாட்ச் என்ன சொன்னாலும் ஸ்டியரிங்கில இருக்கிறது நீங்கள். திங்கள் காலமை சப்பாத்தை மறக்காதேங்கோ.